தண்டியடிகள் கட்டிய கயிறு: வன்னிப் பெருநிலத்து மாணவரும் துணைக்கருவிகளும்

திருவாரூரிலே தோன்றிய தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கட்புலன் இல்லாதவர். அவ்வூர்த் திருக்கோயிலின் மேல்பாலுள்ள திருக்குளம் இடம் சுருங்கிக் கிடந்ததை அறிந்த அவர், அதனைத் தாமே கல்லி அகலமாக்கத் துணிந்தார். மண்ணை வெட்டும் இடத்தில் ஒரு தறியும், வெட்டிய மண்ணைக் கொட்டும் கரையில் மற்றொரு தறியும் நட்டு, அவ்விரண்டிற்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைக் கையினால் தடவிக்கொண்டே கூடை சுமந்து போயும் வந்தும் அவர் திருப்பணி செய்தார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். அவரை எதிர்த்தோர் அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததோடு அமையாது, நட்ட தறிகளையும் கயிற்றையும் பிடுங்கினர். பின்னர் இறைவன் அருளால் அடிகள் கண் பெற்றார் என்பது புராணம்.

இவ்வரலாற்றைப் படிப்போர் இறுதியில் நிகழ்ந்த அற்புதத்திலே உள்ளம் தோய்ந்து, இடையிலே கட்டப்பட்ட கயிற்றை மறந்துவிடுதல் உண்டு. கண் கிடைக்கும் வரையில் அடிகள் காத்திருந்தாரல்லர். கண் இல்லாத காலத்திலேயே குளத்தில் இறங்கி வேலை செய்தார். அதற்கு அவருக்கு வேண்டியிருந்தவை இரண்டு தறிகளும் ஒரு கயிறுமே. இக்காலத்துக் கல்வியாளர் துணைக்கருவி என்று வழங்கும் பொருளுக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. கயிறு கருவியாகும், அக்கருவியை நிலைநிறுத்துவன தறிகளாகும். தறி பிடுங்கப்பட்டவிடத்துக் கயிறு அறாதிருந்தும் பயன்படுவதில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலம் குளங்களை நம்பி வாழும் நாடு. அந்நாட்டிலே பார்வையும் செவியும் கால்களும் குன்றிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு எவ்வாறு திறந்தது, இடையில் எவ்வாறு அடைபட்டது என்பதை ஆராய்வார்க்குத் தண்டியடிகளின் தறியும் கயிறும் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வரும்.

எழுத்தைத் தொட்டறிதல்

கட்புலன் இழந்தார் கல்வி கற்றல் தமிழர்க்குப் புதியதோர் செய்தியன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியார், தம் முதுகிலே எழுத்துக்களை எழுதிக் காட்டச் செய்து தமிழ் கற்றார் என்று செவிவழிச் செய்தி கூறும். அவர் ஈழத்துக்கு வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்ட பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் கூறுவர். இச்செய்தியிலே கருத்தூன்றி நோக்கத்தக்க பொருள் ஒன்றுண்டு. கண்ணால் அறியவேண்டிய எழுத்தை உடம்பின் தோலால் அறியலாம் என்ற உண்மையைத் தமிழாசிரியர் சிலர் பண்டே உணர்ந்திருந்தனர் என்பதே அது.

ஆயினும் முதுகில் எழுதும் எழுத்து எழுதிய கணத்திலேயே மறைந்துவிடும். அதனை மாணவன் இரண்டாம் முறை படித்தல் இயலாது; தான் கருதியதை எழுதி வைத்தலும் இயலாது. ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர் எப்பொழுதும் அருகிலிருத்தல் வேண்டும். ஆகவே அது பேராற்றல் படைத்த ஒரு புலவர்க்கு வழிகாட்டியதேயன்றி, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாதையாக வளரவில்லை.

ஐரோப்பாவிலும் இதே இடர்ப்பாடு இருந்தது. வாலந்தீன் ஆவி என்பவர் 1785ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் கட்புலன் இழந்த சிறுவர்க்கென ஒரு பள்ளி நிறுவித் தடித்த தாளிலே புடைத்தெழுந்த பெரிய எழுத்துக்களை அச்சிட்டுக் கற்பித்தார். அவற்றை விரலால் தடவிப் படிக்கலாம், எழுதுதல் அரிது. அப்பள்ளியின் மாணவராகிய லூயி பிறெயில், தந்தையின் தோற்பட்டறையிலே கூரிய கருவியால் நேர்ந்த விபத்தில் மூன்று வயதிலே பார்வை இழந்தவர். படைவீரர் இருளிலே செய்தி படிப்பதற்கென வகுக்கப்பட்டிருந்த புள்ளிமுறை ஒன்றைச் சுருக்கித் திருத்தி, விரல் நுனியில் அடங்கத்தக்க ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்து முறையொன்றை ஆக்கி, 1829ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளிலிருந்து அறுபத்துமூன்று வடிவங்கள் பிறக்கும். கட்புலன் இழந்தவர் பிறர் துணையின்றித் தாமே எழுதித் தாமே படிக்கும் நிலை அன்றுதான் உண்டாயிற்று.

தமிழ்நாட்டிலே 1890ஆம் ஆண்டளவில் பாளையங்கோட்டையில் ஆஸ்குவித் அம்மையார் கட்புலன் இழந்தார்க்கான பள்ளியைத் தொடங்கினார். ஆயினும் இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு இடங்களிலே வெவ்வேறு புள்ளிமுறைகள் எழுந்தமையால், ஓரிடத்து நூலை மற்றோரிடத்து மாணவர் படித்தல் இயலாதிருந்தது. யுனெஸ்கோ நிறுவனத்தின் முயற்சியோடு 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான பாரதி பிறெயில் முறை அமைந்தது. தமிழும் அதனுள் அடங்கியது. இலங்கைத் தமிழ் மாணவரும் அதனையே கற்கின்றனர்.

இம்முறையின் நுட்பம் சிறிது அறிந்துகொள்ளத்தக்கது. அச்சுத் தமிழிலே 'கொ' என்னும் எழுத்தை எழுதுவதற்குக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இடுகின்றோம். பிறெயிலில் ககர வடிவம் முதலிலும், ஒகர உயிரின் வடிவம் அடுத்தும் நிற்கும். காது கேட்கும் முறையிலேயே விரலும் அறியும். அகரம் ஏறிய மெய்க்குத் தனிக்குறி வேண்டுவதில்லை. தனி மெய்யாயின், அச்சிலே தலைமேல் நிற்கும் புள்ளி பிறெயிலிலே மெய்க்கு முன்னே வந்து நிற்கும். 'கல்' என்ற சொல்லிலே ககரமும், புள்ளிக்குறியும், லகரமும் அம்முறையே வரும். விரல் இடமிருந்து வலமாகச் செல்லுதலால், வருகின்ற எழுத்து மெய்யென்பதை அது முன்கூட்டியே உணர்ந்துகொள்ளுகின்றது. ஆகவே 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி வடிவம் கற்கவேண்டிய சுமை இல்லை. உயிரும் மெய்யும் ஆய்தமுமாகிய 31 வடிவங்களோடு புள்ளிக்குறியும் அறிந்த பிள்ளை தமிழ் முழுவதையும் எழுதவல்லதாகின்றது.

எழுதும் கருவிகள் இரண்டு. ஒன்று, தாளைப் பிடிக்கும் துளைச்சட்டமும் மழுங்கிய ஊசியும். இதிலே வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படித்தல் வேண்டும். மற்றொன்று, அமெரிக்காவில் பேர்க்கின்ஸ் பள்ளியினர் 1951ஆம் ஆண்டிலே வெளியிட்ட பொறி. ஆறு புள்ளிக்கு ஆறு விசைகள் உடைய அது ஏறக்குறைய 5 கிலோ நிறையுள்ளது. கணிதத்திற்கு, எண்கோணத் துளைகள் நிறைந்த பலகையிலே சிறு உலோக அச்சுக்களைத் திசை மாற்றி நட்டு எண்களைக் குறிக்கும் முறையுண்டு. இவை யாவும் எளிய கருவிகளே. எனினும் ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து முதற்புள்ளியைத் தொடுவித்தற்கு, அம்முறை அறிந்த ஆசிரியர் ஒருவர் வேண்டும். விசை இறுகிய பொறியைத் திருத்தத் தெரிந்த கைவினைஞர் ஒருவரும் வேண்டும். இவ்விருவரும் இருக்குமிடமே பள்ளியாயிற்று.

கடல்நீரேரிக்கு அப்பாலிருந்த பள்ளி

இலங்கையிலே அத்தகைய முதற்பள்ளி 1912ஆம் ஆண்டில் தெகிவளையில் எழுந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மேரி சப்மன் என்னும் மிசனரி அம்மையார் அதனைத் தொடங்கினார். செவிப்புலன் இழந்தாரும் கட்புலன் இழந்தாரும் அங்கே தங்கிக் கற்றனர். நாட்டின் வேறு பகுதிகளிற் பிறந்த பிள்ளை கற்க விரும்பின், தெற்கே தலைநகரின் அயலிலுள்ள அப்பள்ளிக்குச் செல்லவேண்டியிருந்தது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, சிற்றூர்ப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடக் கதவு திறந்தது. ஆனால் பார்வையற்ற பிள்ளைக்குத் தன் ஊர்ப் பள்ளியிலே படிப்பதற்குக் கருவியும் இல்லை, கற்பிப்பாரும் இல்லை. கட்டணம் நீங்கியது, தூரம் நீங்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியிலுள்ள கைதடியில் நஃபீல்ட் பள்ளி நிறுவப்பட்டது. வடபுலத்தில் இஃது ஒரு பெரும் திருப்பம் ஆகும். தாய்மொழியிலே பிறெயில் கற்பித்தலும், செவிப்புலன் குன்றிய சிறுவர்க்குப் பேச்சும் சைகையும் பயிற்றுதலும் ஊருக்கு அணித்தாயின. கண்டி வீதியில் அமைந்தமையால் வன்னியிலிருந்து ஆனையிறவு வழியாக நேரே அங்குச் செல்லலாம்.

அக்காலத்து வன்னி எத்தகையது என்பதும் நோக்கத்தக்கது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேறியோர் காடு வெட்டி வயல் ஆக்கிக்கொண்டிருந்தனர். முல்லைத்தீவுக் கரையிலே மீன்பிடியும், உள்நாட்டிலே நெற்செய்கையும் கால்நடையுமே தொழில்கள். முல்லைத்தீவிலிருந்து கைதடி ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. ஐந்து அல்லது ஆறு வயதுப் பிள்ளையை அத்துணைத் தூரத்தே விட்டுவருதல் உழவர் குடும்பத்திற்கு எளிதான செயலன்று. தங்கிப் படித்த பிள்ளைக்கு எழுத்தும் தொழிலும் கிட்டின. ஊரும் உறவும் தொலைவாயின. வீட்டிலேயே நின்ற பிள்ளைக்கு ஊரும் உறவும் இருந்தன, எழுத்துக் கிட்டவில்லை. வன்னிப் பெற்றோர் பல்லாண்டுகள் இவ்விரண்டிலொன்றைத் தெரிய வேண்டியவராயிருந்தனர்.

இவ்விடர்ப்பாடு வன்னிக்கு மட்டும் உரியதன்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக் கல்வித்துறையினர், சாதாரண பள்ளிகளிலேயே மாற்றுத்திறனுடைய பிள்ளைகளைச் சேர்த்து, அவர்க்கென விசேட கல்வி அலகுகளை அமைக்கும் முயற்சியைத் தொடங்கினர். பிள்ளை கருவியைத் தேடிப் போவதை விடுத்து, கருவி பிள்ளையைத் தேடி வரவேண்டும் என்பதே அக்கொள்கையின் கருத்து. அது வன்னியிலே வேரூன்றுதற்கு முன் போர் வந்தது.

வழி அடைபட்ட காலம்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், ஆனையிறவு வழியாகச் செல்லும் கண்டி வீதி அடைபட்டது. குடாநாட்டிற்கும் வன்னிக்கும் இடையே மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகேறிக் கடந்தனர். அப்பயணத்திலே உயிரிழந்தோர் பலர். 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். அவருள் பலர் வன்னியை அடைந்தனர். 1996ஆம் ஆண்டில் குடாநாடு அரச படைகளின் கட்டுப்பாட்டிலும், வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் நின்றன. அன்று தொடங்கி 2002ஆம் ஆண்டில் வீதி திறக்கும் வரை, கிளிநொச்சிப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் கைதடிக்குச் செல்லும் தரைவழி இல்லாது போயிற்று. ஒரு தலைமுறை தொடக்கக் கல்வி கற்கவேண்டிய காலம் அது.

வழி அடைபட்டதோடு பொருளும் அடைபட்டது. வன்னிக்குக் கொண்டுசெல்லல் தடுக்கப்பட்ட பொருள்களுள் எரிபொருளும் சீமெந்தும் மின்கலங்களும் இருந்தன. சட்டைப்பையில் வைத்து அணியும் பழைய வகைச் செவிப்புலன் துணைக்கருவிக்குப் பேனா வடிவ மின்கலமே உயிர். திரான்சிஸ்டர் என்னும் நுண்பொறி 1952ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதல் வாணிகப் பொருளிலே இடம்பெற்றது செவிப்புலன் துணைக்கருவியிலேயே. அந்த விஞ்ஞான வெற்றியும், மின்கலம் கிடையாதவிடத்துக் காதிலே செருகிய அடைப்பாகவே நின்றுவிடும். கருவி பழுதடையாதிருந்தும் ஊமையாகிவிடுதல் இதுவே.

வெளிவழி அடைபட்ட நிலத்திலே உள்வழி தேடும் முயற்சிகள் எழுந்தன. முல்லைத்தீவு மாவட்டத்திலே, பரந்தன் முல்லைத்தீவு வீதியிலுள்ள வள்ளிபுனத்தில் இனியவாழ்வு இல்லம் அமைந்தது. பார்வையும் செவியும் குன்றிய சிறுவர் அங்கே தங்கிக் கற்றனர். வன்னிப் பிள்ளை வன்னி மண்ணிலேயே பிறெயில் கற்றலும் சைகை மொழி பயிலுதலும் அதனாற் கைகூடின. குடாநாட்டிலே 1988ஆம் ஆண்டில் சுன்னாகத்தில் தோன்றிய வாழ்வகமும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அதனை நிறுவிய அன்னலட்சுமி சின்னத்தம்பி அம்மையார் தாமும் கட்புலன் இழந்தவர். கருவியின் அருமையைத் தம் விரலாலறிந்தவரே பிறர்க்கு அதனைக் கற்பிக்க முன்வந்தமை போற்றத்தக்கது.

கால் இழந்தோர்க்கான கருவியின் வரலாறும் இக்காலத்துக்குரியதே. இந்தியாவிலே செய்ப்பூர் நகரத்து மருத்துவமனையில், கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் 1960களின் பிற்பகுதியிலே செய்ப்பூர்க் கால் என்னும் செயற்கைப் பாதத்தை ஆக்கினர். மேனாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து நாற்காலியில் இருப்போரைக் கருதிச் செய்யப்பட்டவை. செய்ப்பூர்க் கால் இறப்பரும் மரமும் சேர்த்து ஆக்கப்பட்டது; வெறுங்காலோடு வயலில் நடக்கவும், நிலத்திலே சம்மணமிட்டு இருக்கவும், குந்தவும் ஏற்றது. 1980களில் அத்தொழில்நுட்பம் இலங்கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலே செய்ப்பூர் நிறுவனம் ஒன்று இயங்கலாயிற்று. கிளிநொச்சியிலே வெண்புறா என்னும் நிறுவனம் செயற்கை உறுப்புக்களைச் செய்து பொருத்தியது. ஒரு நூற்றாண்டின் முன் கற்பனைக்கும் எட்டாத ஒரு பொருள், சேறும் வரம்பும் நிறைந்த அந்நாட்டின் பட்டறையிலேயே ஆக்கப்பட்டது.

இவ்விரு முயற்சிகளிலும் காணத்தக்க உண்மை ஒன்றே. கற்பிப்பாரும் திருத்துவாரும் அணித்தே இருந்தமையாற் கருவி உயிர் பெற்றது. இரண்டு தறிகள் நடப்பட்டன, கயிறு நின்றது.

2009ஆம் ஆண்டும் அதன் பின்னும்

2006ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 சனவரி 2ஆந் திகதி கிளிநொச்சி நகரம் அரச படைகளின் கைக்கு வந்தது. அதற்கு முன்னரே அந்நகர மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்திருந்தனர். அம்மாதத்திலேயே போர் வள்ளிபுனத்தையும் சூழ்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே போர் முடிவுற்றபோது, உயிர் தப்பியோர் வெறுங்கையராய் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களை அடைந்தனர். பலமுறை இடம்பெயர்ந்து பதுங்குகுழிகளில் இருந்து வந்தோர், 5 கிலோ நிறையுள்ள எழுத்துப்பொறியைச் சுமந்து வருதல் எங்ஙனம்? கருவிகளோடு பட்டறைகளும் பள்ளிகளும் அழிந்தன. அதே காலத்தில், கருவி வேண்டியோர் தொகை பெருகிற்று. குண்டுகளாலும் கண்ணிவெடிகளாலும் கையும் காலும் கண்ணும் இழந்தோருள் பள்ளிச் சிறுவரும் இருந்தனர்.

2010ஆம் ஆண்டிலே இந்திய அரசின் உதவியோடு செய்ப்பூர் நிறுவனத்தார் மெனிக் பாம் முகாமிற்கு வந்து, மார்ச் மாதம் முதலாக முகாமிட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்குச் செயற்கை உறுப்புக்களைப் பொருத்தினர். அது காலத்தினாற் செய்த நன்றி. ஆயினும் வளரும் பிள்ளையின் கால் முகாம் முடிந்த நாளோடு வளர்ச்சியை நிறுத்துவதில்லை. முதியவர்க்குச் சில ஆண்டுகள் பயன்படும் செயற்கைக் கால், சிறுவர்க்கு ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை மாற்றவேண்டியதாகும். குழி இறுகினால் வெட்டிய காலின் முனையிலே புண் உண்டாகும். புண் உண்டானாற் பிள்ளை காலைக் கழற்றி வைத்துவிடும். காலைக் கழற்றிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வாராது. செவிப்புலன் துணைக்கருவியின் காது அச்சும் அவ்வாறே. காது வளர அச்சு தளரும். தளர்ந்தவிடத்துக் கருவி கீச்சிட்டு ஒலிக்கும். ஒருமுறை கொடுத்த நன்கொடை, மறுமுறை திருத்துவார் இல்லாவிடத்து அலமாரியில் உறங்கும் பொருளாகிவிடுகின்றது.

மக்கள் மீளக்குடியேறிய பின், வள்ளிபுனத்து இனியவாழ்வு இல்லம் மீண்டும் இயங்கத் தொடங்கியமை நம்பிக்கை தரும் செய்தியாகும். பள்ளிகளும் கொட்டில்களிலிருந்து கல்வீடுகளுக்கு மாறின. எனினும் சக்கர நாற்காலியில் வரும் மாணவர்க்குப் பாதை பள்ளிக்கூட வாசலில் தொடங்குவதில்லை. வீட்டுப் படலையில் தொடங்குகின்றது. கிரவல் வீதியிலும் முல்லைத்தீவு மணலிலும், வழுவழுப்பான தளத்திற்கெனச் செய்த நாற்காலியின் சிறு முன்சில்லுகள் புதையும். வாசலிலே இரண்டு படி இருந்தால், நாற்காலி வெளியே நிற்கும். பிள்ளையைப் பிறர் தூக்கிச் செல்வர். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமான சாய்தளம் அமைத்தல் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அதற்கு வேண்டியவை சிறிது சீமெந்தும், அளவறிந்த மேசனும், நினைவுள்ள அதிபருமே. ஆனால் சாய்தளத்தின் முடிவில் வகுப்பறையின் வாயிலும் மலசலகூடத்தின் கதவும் அகலமாயிராவிடின், கட்டிய சாய்தளம் புகைப்படத்திற்கே பயன்படும்.

சட்டமும் கணினியும்

இலங்கைச் சட்டம் இப்பொருளிலே வாய்மூடியிருக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களிற் சேர்ப்பதில் மாற்றுத்திறனாளியை வேறுபடுத்தலாகாது என்று விதித்தது. 2006ஆம் ஆண்டில் பொதுக்கட்டடங்கள் அவர்க்கு அணுகத்தக்கனவாய் அமைதல் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் வெளியாயின. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கை 2007ஆம் ஆண்டில் ஒப்பமிட்டு, 2016ஆம் ஆண்டில் அதனை உறுதிசெய்தது. பிறெயிலும் சைகை மொழியும் கற்பித்தல் கல்வியுரிமையின் பகுதி என்று அவ்வுடன்படிக்கை கூறுகின்றது. அதே 2016ஆம் ஆண்டிலே, கட்புலன் இழந்தார்க்காக நூல்களை மாற்றி ஆக்குதற்குப் பதிப்புரிமைத் தடையை நீக்கும் மராகேசு உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்தது. பரீட்சைத் திணைக்களம் பிறெயில் வினாத்தாளும், சொல்வதை எழுதுவோரும், மேலதிக நேரமும் வழங்கும் ஏற்பாடு உடையது.

கணினியின் வரவு மற்றொரு வாயிலைத் திறந்தது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் தொடக்கத்தில் விலைமிக்கனவாயிருந்தன. 2006ஆம் ஆண்டிலே ஆஸ்திரேலியாவில் கட்புலன் இழந்த இளைஞராகிய மைக்கல் கரன், யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். அதனோடு தமிழைப் படிக்கும் செயற்கைக் குரலும் சேர்ந்தது. இன்று கைப்பேசிகளிலும் அவ்வசதி உண்டு. வள்ளிபுனத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பு நூலகத்து நூலைத் தன் காதால் படித்தல் இயலாத செயலன்று.

ஆயினும் இங்கும் ஒரு தறி தளர்ந்திருக்கின்றது. இலங்கைத் தமிழ் ஆவணங்களிற் பல, பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டச்சு செய்யப்பட்டவை. அவ்வெழுத்துருக்களில் திரைமேல் தோன்றுவது தமிழாயினும், கணினியின் உள்ளே பதிந்திருப்பன ஆங்கில எழுத்துக்களேயாம். கண்ணுடையார் தமிழ் படிப்பர். திரையைப் படிக்கும் மென்பொருளோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்களை அடுக்கி ஒலிக்கும். ஒருங்குறியிலே தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆசிரியர் தம் வினாத்தாளையும் பாடக்குறிப்பையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்வாராயின், ஒரு சதமும் செலவின்றி ஒரு மாணவர்க்கு நூலகம் திறக்கும். தட்டச்சு செய்யாராயின், இலவச மென்பொருளும் விலையுயர்ந்த கணினியும் கைகட்டி நிற்கும்.

செவிப்புலன் குன்றிய மாணவர் வகையில், கருவியால் மட்டும் ஆகாத செய்தியும் உண்டு. துணைக்கருவி ஆசிரியரின் குரலைப் பெருக்கும்போது, தகரக் கூரையில் விழும் மாரி மழையின் ஓசையையும், அரைச்சுவருக்கு அப்பாலுள்ள அடுத்த வகுப்பின் ஓசையையும் சேர்த்தே பெருக்குகின்றது. செவி முற்றும் இழந்த பிள்ளைக்குச் சைகை மொழியே தாய்மொழி போன்றது. மொழி பேசுவார் கூட்டத்திலேயே வளரும். ஊர்ப் பள்ளியிலே சைகை அறிந்தார் வேறொருவரும் இல்லாவிடின், பிள்ளை வீட்டிலிருந்தும் தனிமைப்படும். ஆதலின் கைதடி, வள்ளிபுனம் போன்ற தங்கிப் பயிலும் நிலையங்கள் இனி வேண்டா என்று கூறுதல் பொருந்தாது. ஊர்ப் பள்ளியும் தனிப்பள்ளியும் ஒன்றுக்கொன்று துணையாதலே தக்கது. தனிப்பள்ளியிற் பயின்ற ஆசிரியர் ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று கற்பிப்பாராயின், இரண்டின் நன்மையும் ஒருங்கே கிட்டும்.

இரண்டு தறிகள்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி வேண்டியிருக்கின்றது. ஏறக்குறைய 100 கோடியினர்க்கு அது கிட்டவில்லை. வறிய நாடுகள் சிலவற்றிலே வேண்டுவோர் நூற்றுவரில் மூவர்க்கே கிட்டுகின்றது. இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, 5 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 8.7 சதவீதத்தினர்க்கு ஏதேனும் ஓர் உடலியல் இடர்ப்பாடு உண்டெனக் காட்டிற்று. இவ்வெண்களைப் படிப்போர் கருவிகளின் தொகையைப் பெருக்குதலே தீர்வு எனக் கருதுதல் இயல்பு. வன்னியின் வரலாறு அதனினும் நுண்ணிய பாடம் ஒன்றைப் புகட்டுகின்றது. அங்கே கருவி வாராத காலமும் இருந்தது. வந்து குவிந்த காலமும் இருந்தது. பிள்ளை கற்றதும் கல்லாததும் கருவியின் தொகையால் மட்டும் முடிவாகவில்லை. கருவியின் இருமுனையிலும் ஆள் நின்ற காலத்தில் கல்வி நடந்தது. நில்லாத காலத்தில் நின்றுபோயிற்று.

ஒரு முனையில், பிறெயிலும் சைகையும் திரைப்படிப்பும் அறிந்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் இருத்தல் வேண்டும். மறுமுனையில், செயற்கைக் காலின் குழியைத் தளர்த்தவும், காது அச்சைப் புதிதாக எடுக்கவும், எழுத்துப்பொறியின் விசையைத் திருத்தவும், நாற்காலிச் சில்லை மாற்றவும் வல்ல பட்டறை ஒன்று பேருந்தில் ஒரு நாளிற் போய்த் திரும்பத்தக்க தூரத்தில் இருத்தல் வேண்டும். வன்னியின் பிள்ளைகள் குளத்தங்கரைகளிலும் வயலோரங்களிலும் சிதறி வாழ்கின்றமையால், இவ்விரண்டும் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாது உள்ளூர்களுக்கும் சென்று வருதல் இன்றியமையாதது. இவற்றிற்காகும் செலவு ஒருமுறை கொடுத்து முடிப்பதன்று, ஆண்டுதோறும் தொடர்வது. ஆதலாலேயே விழா எடுத்துக் கருவி வழங்குதல் எளிதாகவும், விழாவின் பின் அதனைப் பேணுதல் அரிதாகவும் இருந்து வருகின்றது.

திருவாரூர்க் குளக்கரையிலே தண்டியடிகளைக் கண்டு நகைத்தோர், கண்ணில்லாதவன் குளம் கல்லுதல் கூடுமோ என்று கருதினர். அவர் மறுமொழியாகத் தறியை நட்டுக் கயிற்றைக் கட்டினார். இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வாழும் உழவர், குளக்கட்டைக் கட்டிய மறுநாளே விட்டுப் போகார்; ஆண்டுதோறும் மாரிக்கு முன் கட்டைப் பார்த்து, உடைப்பை அடைத்து, துருசைத் திருத்துவர். ஊருக்கு நீர் தரும் குளத்தைப் பேணுகின்ற அவ்வழக்கம், பிள்ளைக்கு எழுத்துத் தரும் கருவிக்கும் உரியதாகுமாயின், வன்னியிலே பிறக்கும் பிள்ளை கல்விக்காகக் கடல்நீரேரியைக் கடக்கவேண்டிய காலம் பழைய வரலாறாய் ஒழியும்.